கணக்கு டீச்சர் பதில்கள்

நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பைத்தான் ஒரு பேப்பராகப் படித்தேன். ஓப்பன் சோர்ஸ் (மூலக் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) கணித மென்பொருளில் பங்களிக்கலாம் என்று சீனியர் அக்கா சொன்னார். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள். எங்கே தொடங்குவது? — மாணவி, உசிலம்பட்டி

அத்தனையையும் படித்துவிட்டுத்தான் கை வைக்கணும் என்று யாரும்மா சொன்னது? அப்படிப் படித்தவர்கள் அங்கேயே ஒருவர் இருவர்தான் இருப்பார்கள்.

சிம்பையில் தொடங்கு. எக்ஸ், ஒய் என்று எழுத்துகளை வைத்தே கணக்குப் போடும் பைத்தான் மென்பொருள் அது. சேஜ்மேத் என்ற கணித மென்பொருளும் நல்லதுதான், ஆனால் அது பெரிய சமாச்சாரம். 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986-இல் தொடங்கிய கேப், பிரான்சின் போர்தோவில் உருவான பாரி, இன்னும் மாக்ஸிமா, சிங்குலர் என்று ஏற்கெனவே இருந்த கணித மென்பொருள்களையெல்லாம் பைத்தானால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூலக் கோடிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது நம் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்ற, மணிக்கணக்காகும். உங்கள் பக்கம் நடுவில் கரண்ட் போனால் அழுகைதான் வரும். சிம்பை முழுக்கப் பைத்தான். கட்டாயம் வேண்டிய வேறு பைத்தான் நூலகம் (லைப்ரரி) எம்பிமேத் ஒன்றுதான்.

நிறுவியதும் புரோகிராம் கோடைத் திறக்காதே. உன் சிலபஸைத் திற. எண் கோட்பாட்டில் பார்ட்டிஷன் படித்திருப்பாய்: 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 9-க்கு 30, 14-க்கு 135. 4-இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் போனால் விடை எப்போதும் 5-ஆல் வகுபடும். நம்ம ராமானுஜன் நிரூபித்தது. 200-க்கு 39,72,99,90,29,388. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 200 வரைக்கும் மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே போட்டு வைத்தார். இதையெல்லாம் சிம்பையில் ஓட்டிப் பார். அப்புறம் அந்த ஃபங்ஷனுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தைப் படி.

உனக்கான வேலை அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. அதில் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகள் வெறும் அலங்காரம் இல்லை. மென்பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓடும்போது அவற்றையும் இயக்கி, எழுதியிருக்கும் விடையும் வந்த விடையும் ஒன்றா என்று ஒப்பிடுவார்கள். இப்படி ஒவ்வொரு ஃபங்ஷனாகக் கேட்டுப் பார்: பூஜ்யம் கொடுத்தால் என்ன வரும்? எதிர்ம எண் கொடுத்தால்? தேற்றத்தில் ஒரு நிபந்தனை இருந்து, விளக்கத்தில் அது விட்டுப்போயிருக்கிறதா? நல்ல புரோகிராமர்கள் கண்ணிலும் இது தப்பிவிடும். தேர்வில் ‘பகா எண் எனில்’ என்பதை விட்டுவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைக்குச் சட்டென்று தெரியும்.

மற்றதெல்லாம் நடைமுறை. கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, சிம்பையை ஃபோர்க் செய், அதாவது உன் கணக்கில் ஒரு நகல் எடு. அதில் தனிக் கிளையில் (பிராஞ்ச்) மாற்றத்தைச் செய்து, அந்தப் பகுதியின் டெஸ்டை ஓட்டிவிட்டுப் புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை, அனுப்பு. புதியவர்களுக்கென்றே ‘ஈஸி டு ஃபிக்ஸ்’ என்று குறியிட்ட இஷ்யூக்கள் (பிழை, வேலைக் குறிப்புகள்) உண்டு. ஏற்கெனவே ஒருவர் அதில் இறங்கியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள். முதல் தடவை அனுப்பும்போது மெயில்மேப் என்ற கோப்பில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது உன் இஷ்டம்.

எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைக் கொடுத்தால் சிம்பை எக்ஸ் என்று சுருக்காமல் அப்படியே விடுகிறது. பிழை என்று எழுதினேன். ‘இது பிழையில்லை’ என்று இரண்டே வரியில் மூடிவிட்டார்கள். இப்படியா அவமானப்படுத்துவது? — எம்.எஸ்சி. மாணவர், திருமங்கலம்

தம்பி, எக்ஸுக்கு −3 போட்டுப் பாருங்கள். வர்க்கம் 9, வர்க்கமூலம் 3. எக்ஸ் எங்கே போனது? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸை ஒரு கலப்பெண்ணாகத்தான் சிம்பை எடுத்துக்கொள்ளும். மெய்யெண் என்று அறிவித்தால் எக்ஸின் மட்டு மதிப்பு வரும்; நேர்ம எண் என்று அறிவித்தால் எக்ஸே வரும். எம்.எஸ்சி. படிக்கிறவர் இதற்குக் கோபப்படலாமா!

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். மூன்றில் ஒன்று என்று சாதாரணமாக வகுத்து எழுதினால், சிம்பை பார்ப்பதற்கு முன்பே பைத்தான் அதைத் தசமமாக்கிவிடும். ‘பின்னம் காணோம்’ என்று அதற்கும் இஷ்யூ போடுகிறார்கள். பின்னத்தைப் பின்னமென்று சொல்லித்தான் கொடுக்கணும்.

இரண்டு வரிப் பதிலை மனதில் வைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல், வேறு வேலைக்கு நடுவில் பதில் எழுதுகிறவர்கள்தான் அங்கே அதிகம். அடுத்த முறை என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வரணும் என்று எதிர்பார்த்தீர்கள், எந்தப் பதிப்பு என்று நான்கையும் எழுதுங்கள். பதில் தன்னால் நீளும்.

எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. லேப்டாப்பும் அரசு கொடுத்த பழையது. — மாணவர், மேலூர்

சிம்பைக்கு அந்த லேப்டாப் போதும். எல்லா டெஸ்டையும் ஓட்டினால்தான் திணறும். நீ மாற்றிய பகுதியை மட்டும் ஓட்டு, மிச்சத்தைப் புல் ரிக்வெஸ்ட் போனதும் அவர்களுடைய சர்வர் ஓட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. அங்கே எழுதுகிற எத்தனையோ பேருக்கு அது தாய்மொழி கிடையாது.

ஏஐ-யிடம் கேட்டு எழுதி அனுப்பலாமா? — சிம்மக்கல் வாசகர்

புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது எழுதித் தந்ததை அப்படியே அனுப்பினால், ‘இந்த வரி எதற்கு?’ என்று உன் மாற்றத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் கேட்கும்போது முழிப்பீர்கள். அடுத்தவர் பார்த்துத் திருத்த வேண்டிய குப்பையை அனுப்புவதற்குச் சும்மா இருக்கலாம்.

என் மகள் ராத்திரி பகலாக இதிலேயே கிடக்கிறாள். கூகுளில் காசு தருவார்கள் என்கிறாள். உண்மையா? ஒருவர் முன்பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். — ஒரு தந்தை, நரிமேடு

உண்மைதான் ஐயா. கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்று பெயர், 2005 முதல் நடக்கிறது. 18 வயது நிரம்பணும். முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 முதல் ஓப்பன் சோர்ஸுக்குப் புதிதாக வரும் மற்றவர்களும் சேரலாம். தேர்வானவர்கள் ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் வழிகாட்டி ஒருவரின் கீழ் வேலை செய்வார்கள், மதிப்பீட்டில் தேறினால் உதவித்தொகை வரும். போட்டி கடுமை, கிடைக்காமலும் போகலாம்.

சிம்பையில் விண்ணப்பிக்க வேண்டுமானால், அதற்கு முன்பே ஒரு புல் ரிக்வெஸ்டாவது ஏற்கப்பட்டிருக்கணும் என்பது அவர்கள் விதி. விண்ணப்பம் பொதுவாக மார்ச் வாக்கில் திறக்கும். அந்த மாதம்தான் ஆரம்பிப்பேன் என்றால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வாள். டிசம்பருக்குள் இரண்டு மூன்று சின்ன வேலைகளை முடித்து வைக்கச் சொல்லுங்கள். செமஸ்டர் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் என்று எதுவுமே கிடையாது. முன்பணம் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.