கடிகார முள் வரைய சைன், கோசைன்: கேள்வி பதில்

கேள்வி: கணினித் திரையில் கடிகாரம் வரைய, பள்ளியில் படித்தபடி முள் முனையின் எக்ஸுக்குக் கோசைன், ஒய்க்கு சைன் போட்டேன். 12-ல் நிற்க வேண்டிய முள் 3-ல் போய் நிற்கிறது.

பதில்: கணக்கு சரி, அளக்கத் தொடங்கும் இடம்தான் வேறு. கணக்குப் புத்தகத்தில் கோணம் வலப்பக்கக் கோட்டிலிருந்து தொடங்கும், அதாவது கடிகாரத்தின் 3-லிருந்து. கோணத்தில் 90 டிகிரி கழித்தாலும் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்த 90 எதற்கென்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எனக்கே புரியாது. அதனால் நான் இரண்டையும் இடம் மாற்றிவிடுவேன்:

எக்ஸ் = மைய எக்ஸ் + நீளம் × சைன்(கோணம்)
ஒய் = மைய ஒய் − நீளம் × கோசைன்(கோணம்)

கோணம் 0 என்றால் சைன் 0, கோசைன் 1. முள் நேரே மேலே நிற்கும்.

கேள்வி: ஒய்க்கு மட்டும் ஏன் கழித்தல்?

பதில்: திரையில் ஒய் மேலிருந்து கீழாக வளர்கிறது. கூட்டிப் பாருங்கள், 12 மணிக்கு முள் 6-ஐக் காட்டும், அதோடு இடஞ்சுழியாக வேறு சுற்றும்.

கேள்வி: நொடி முள் முன்னால் போகாமல் பின்னால் குதிக்கிறது. சூத்திரத்தைப் பத்து தடவை சரிபார்த்துவிட்டேன்.

பதில்: ஒவ்வொரு தடவையும் மூன்று கோட்டுக்குச் சற்றுக் குறைவாகக் குதிக்கிறதா? அப்படியென்றால் டிகிரியை அப்படியே சைனுக்குள் போட்டிருக்கிறீர்கள். அது எதிர்பார்ப்பது ரேடியன், கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு. நொடிக்கு 6 டிகிரி என்று நீங்கள் கொடுப்பதை அது 6 ரேடியன் என்று எடுத்துக்கொள்கிறது. முழுச் சுற்றே சுமார் 6.283 ரேடியன்தான் என்பதால், முள் ஒரு சுற்றுக்கு 0.283 ரேடியன், அதாவது சுமார் 16 டிகிரி குறைவாகப் போய் நிற்கிறது, பார்ப்பவர் கண்ணுக்கு அது பின்னால் போவதுபோல் தெரிகிறது. கோணத்தை π-ஆல் (பை) பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: 4:20-க்கு இரண்டு முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறது. நிஜக் கடிகாரத்திலும் அப்படித்தானா?

பதில்: இல்லை. நீங்கள் மணியை 30-ஆல் பெருக்கியதோடு விட்டுவிட்டீர்கள். 4 × 30 = 120, நிமிட முள்ளுக்கு 20 × 6 = 120, இரண்டும் ஒரே கோணம். மணி முள் நிமிடத்துக்கு அரை டிகிரி நகரும், ஆக 20 நிமிடத்தில் இன்னும் 10 டிகிரி. சரியான கோணம் 130. மையம் 200, 200 என்றும் முள்ளின் நீளம் 90 என்றும் வையுங்கள். சைன் 0.766, கோசைன் −0.643, முனை வருவது ஏறக்குறைய 269, 258. மையத்துக்கு வலப்பக்கம், கீழே, 4-ஐத் தாண்டி. அப்புறம், மதியம் இரண்டு மணியைக் கணினி 14 என்று சொன்னால் கவலை வேண்டாம். 14 × 30 = 420, ஒரு முழுச் சுற்று கூடுதல், அவ்வளவுதான்.

கேள்வி: நானும் நிமிடத்தை 60-ஆல் வகுத்து மணியோடு கூட்டுகிறேன், ஆனாலும் மணி முள் 59 நிமிடம் அசையாமல் நிற்கிறது.

பதில்: முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கிறீர்கள். சி, ஜாவா போன்ற மொழிகளில் 20 / 60 என்றால் விடை 0. 60.0 என்று எழுதுங்கள்.

கேள்வி: டைமர் அடிக்கும்போதெல்லாம் நொடியில் ஒன்று கூட்டுகிறேன். கொஞ்ச நேரத்தில் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது.

பதில்: டைமர் சொன்ன நேரத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் அடிக்கும், அந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். நீங்களாக எண்ண வேண்டாம், ஒவ்வொரு முறை வரையும்போதும் கணினியிடமே மணி கேளுங்கள்.

கேள்வி: முள்ளை மவுஸால் இழுத்து நேரம் வைக்க முடியுமா?

பதில்: முடியும், அதே கணக்கு தலைகீழாக. மவுஸ் இருக்கும் இடத்திலிருந்து மையத்தைக் கழித்து வரும் இரண்டு எண்களை, அவற்றிலிருந்து கோணத்தைக் கண்டுபிடித்துத் தரும் ஏடேன்2 (atan2) ஃபங்ஷனுக்குக் கொடுங்கள்: முதலில் எக்ஸ் வித்தியாசம், அடுத்து ஒய் வித்தியாசம், குறி மாற்றி. வழக்கமாக ஒய்தான் முதலில் வரும், நாம் 12-லிருந்து அளப்பதால் இங்கே மாறுகிறது. டிகிரியாக்கிய பிறகு விடை மைனஸில் வந்தால் 360 கூட்டுங்கள், இல்லாவிட்டால் முள் 6-ஐத் தாண்டியதும் நிமிடம் −29 என்று காட்டும்.