கொச்சைத் தமிழா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

என்னை நீன்னே கூப்பிடுங்க, உங்களைவிட ரொம்பச் சின்னவ நான். கோத்தகிரி பக்கம் இருளர் ஊர் எங்களுது. வயசு 31. ஆறு வயசுல ஹாஸ்டல்ல விட்டாங்க, பிளஸ் டூவோட படிப்பு நின்னுபோச்சு. இப்ப இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. ரெண்டாவது வருஷம். பகல்ல எஸ்டேட் வேலை, ராத்திரி பொண்ணைத் தூங்க வச்சிட்டு பத்து மணிக்கு மேல வீடியோ பாடம், அதுக்கும் வீட்டுக்கு மேல இருக்கிற பாறையில போய் உக்காந்தாதான் சிக்னல். போன மாசம் ஊர் விசேஷத்துல பாட்டிங்க பாடினப்போ "அவங்க என்னம்மா சொல்றாங்க"ன்னு பொண்ணு கேட்டா. எனக்கே பாதிதான் புரிஞ்சுது. எங்கம்மா பேசுற கொச்சைத் தமிழ் எனக்குப் பேச வராது. அந்தப் பாட்டு, பேச்சு எல்லாத்தையும் முறையா கத்துக்கணும்னு இருக்கு. படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வச்சிட்டு அதைச் செய்யலாமா? வீட்ல ரெண்டையும் விட்டுட்டு புள்ளையைப் பாருங்கிறாங்க. அவளை இங்கிலீஷ் மீடியத்துல போட்டது தப்பா? எங்க பாஷையைக் கத்துக்க புத்தகமோ ஆப்போ இருக்கா?

எம்.

அன்புள்ள எம்.,

உன் கடிதம் வந்த வாரம்தான் டிரங்குப் பெட்டியைக் கிளறினப்போ ஒரு பழைய அட்டெண்டன்ஸ் நோட்டு கையில கிடைச்சுது, அதையே நினைச்சிட்டு இருந்தேன், அதான் உடனே எழுத உக்காந்துட்டேன்.

படிப்பை நிறுத்தாத. இக்னோல மூணு வருஷ பி.ஏ.வை ஆறு வருஷம் வரைக்கும் எடுத்து முடிக்கலாம், ஜூன்ல முடியலையா டிசம்பர்ல எழுது, ரெண்டு பேப்பர்தான் முடியுதா ரெண்டே எழுது. ஒரு வருஷம் நிறுத்தி வைக்கிறேன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுபோன பொம்பளைங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். புள்ளையைப் பாருன்னு சொல்றவங்களுக்கும் கை கால் இருக்குல்ல, உன் வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணி நேரம் அவளைத் தூங்க வைக்கட்டும். இங்கிலீஷ் மீடியம் கதையை இப்ப விடு.

எனக்குக் கோவம் வந்தது வேற ஒண்ணுக்கு. "எங்கம்மா பேசுற கொச்சைத் தமிழ்"னு எழுதியிருக்க பாரு, அதுக்கு. யாரு சொன்னா அது கொச்சைன்னு? உங்கம்மா சொன்னாங்களா? ஹாஸ்டல்ல யாரோ சொல்லி, அது 25 வருஷமா உன் வாயிலயே தங்கிடுச்சு, இப்ப நீயே அதை எனக்கு எழுதுற. அது தமிழுக்கு நெருங்கின சொந்தம், ஆனா தனி மொழி. கமில் சுவெலபில்னு செக் நாட்டு அறிஞர், தமிழ் இலக்கியத்தைப் பத்தி அவ்வளவு எழுதினவர், உங்க நீலகிரி இருளர் பேச்சைக் கேட்டுக் குறிச்சு மூணு பகுதியா எழுதினாரு, முதல் பகுதி 1973, மூணாவது 1982, அச்சானது ஜெர்மனியில. இலக்கணம் இருக்கிறதாலதானே ஒருத்தர் அத்தனை வருஷம் அதுல உக்கார முடியும்? அந்த மூணாவது பகுதியில இருக்கிறது உங்க கதைங்கதான். கேரளா அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு, சினிமாவுல பாடினதுக்கு, 2022ல தேசிய விருது அறிவிச்சாங்களே, அவங்க பாடினதும் இருளர் மொழிதான், அன்னைக்கு யாராவது கொச்சைத் தமிழ்ப் பாட்டுக்கு விருதுன்னு சொன்னாங்களா? சென்சஸ்ல இன்னைக்கும் இருள மொழியைத் தமிழுக்குக் கீழ ஒரு வரியாத்தான் போடுறாங்க, அதை நம்மால உடனே மாத்த முடியாது, ஆனா நீ உன் பொண்ணு முன்னாடி கொச்சைங்கிற அந்த வார்த்தையைச் சொல்லாம இருக்கலாம்ல.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னும் சொல்லிடறேன். 1989ல எனக்கு 23 வயசு, மலைமேல ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில தற்காலிக டீச்சரா இருந்தேன். ரெண்டாம் வகுப்புல ஒரு இருளர் பையன், யார்கிட்டயும் பேசமாட்டான். ஒருநாள் ஜன்னல்ல வந்து உக்காந்த ஒரு பூச்சியைக் காட்டி சந்தோஷமா ஒரு பேர் சொன்னான். நான் "அப்படிச் சொல்லக்கூடாது, தேனீன்னு சொல்லு"ன்னு பத்து தடவை சொல்ல வச்சேன். அவனும் சொன்னான். அதுக்கப்புறம் என் கிளாஸ்ல அவன் எதையுமே காட்டல. நான் நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணேன், அதை நினைச்சா இன்னும் வலிக்குது.

அப்புறம் தேன் சீசன்ல ஒரு புள்ளையோட அப்பா, தேன் எடுக்கிறவர், என்னைக் கூட்டிட்டுப் போய் காட்டினாரு. பாறையில பெரிய அடையாத் தொங்கவிடறது ஒண்ணு, பொந்துக்குள்ள அடுக்கடுக்காக் கட்டுறது ஒண்ணு, குச்சியில சின்னதா ஒத்தை அடை கட்டுறது ஒண்ணு, கொட்டவே தெரியாத கொசுத்தேனீ ஒண்ணு, நாலுக்கும் அவங்க மொழியில தனித்தனிப் பேர். அப்பதான் எனக்கு உறைச்சுது, அந்தப் பையன் இது எந்தத் தேனீன்னு சரியா சொல்லியிருக்கான், நான்தான் நாலையும் ஒண்ணாக்கி அவன் வாயில திணிச்சிருக்கேன். அந்த நாலு பேரையும் அவர் சொல்லச் சொல்ல அட்டெண்டன்ஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டேன், அந்த நோட்டுதான் இப்ப கிடைச்சுது. வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தேன் எம்., எதுவும் அவர் சொன்ன மாதிரி கேக்கல. உங்க மொழியில நாக்கை வாய்க்கு நடுவுல நிறுத்திச் சொல்ற உயிரொலிங்க இருக்கு, இ-யும் இல்லாம உ-வும் இல்லாம நடுவுல, அதுக்கு நம்ம எழுத்துல இடமே இல்ல. நான் இ போட்டு எழுதினது எது, உ போட்டு எழுதினது எதுன்னு இன்னைக்கு எனக்கே தெரியல.

அதனாலதான் புத்தகம், ஆப் எல்லாம் தேடாதன்னு சொல்றேன். சுவெலபில் எழுதினது மொழியியல் படிச்சவங்களுக்கு, அதை வச்சுப் பேசக் கத்துக்க முடியாது. ஞாயித்துக்கிழமை பத்திலேர்ந்து பன்னெண்டு வரை கல்ச்சர் கிளாஸ்னு டைம்டேபிள் போடவும் வேண்டாம். ராகி களி கிண்டுறப்பவும் சீமார் கட்டுறப்பவும் உங்கம்மா பேசிட்டுத்தானே இருக்காங்க, தமிழ்ல பதில் சொல்லாம அவங்க மொழியிலயே தப்புத்தப்பா பதில் சொல்லு, சிரிப்பாங்க, சிரிக்கட்டும், பொண்ணும் கூட உக்காந்து கேக்கட்டும். நீ பாடம் பார்க்கப் பாறைக்குப் போற நேரத்துல பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில படுக்கட்டும். பாடம் பார்க்கிற அதே போன்ல அம்மாவோட குரலைப் பதிவு பண்ணு, பாட்டா இருந்தாலும் சண்டையா இருந்தாலும், எழுத்துல எழுதி வைக்கிறதெல்லாம் அப்புறம்.

முதல்ல அந்த நாலு தேனீ பேரையும் கேளு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை நிதானமா சொல்லச் சொல்லு, பொண்ணு போனைப் பிடிச்சிக்கட்டும், எனக்கு அனுப்பு. அந்தப் பையன் ஜன்னல் பக்கத்துல நின்னு சொன்னது எதுன்னு காதால கேட்டா எனக்குத் தெரிஞ்சிடும்.

அன்புடன்,
அக்கா