புருவ ஓரத்தில் பிறவிக் கட்டி: ஆபரேஷன் அவசியமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஒன்றரை வயதுப் பெண், வலப் புருவத்தின் வெளி ஓரத்தில் பிறந்ததிலிருந்தே பட்டாணி அளவு கட்டி, வலியில்லை, அப்பாயி மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார்.

நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் டெர்மாய்டு கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கருவில் எலும்புகள் இணையும் இடத்தில் தோல் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும். தோல் சும்மா இருக்குமா? எண்ணெய்ப்பசை, செதில், சில சமயம் முடிகூட உள்ளே சேர்ந்துகொண்டே போகும். பற்றுக்கெல்லாம் கரையாது. புற்றுநோயும் அல்ல.

பிதுக்க மட்டும் விடாதீர்கள். உள்ளே உடைந்தால் சுற்றிலும் சிவந்து வீங்கிவிடும். சர்ஜன் இமை மடிப்பிலோ புருவத்தை ஒட்டியோ கீறி, நுங்கைக் கிழியாமல் எடுப்பதுபோல் பையோடு முழுசாக எடுப்பார். துணுக்கு தங்கினால் திரும்ப வளரும். முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருப்பதால் அவசரப்பட வேண்டாம். ஓடி விழுகிற வயதில் அடிபட்டு உடையலாம் என்பதால் ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கட்டி மூக்குப் பக்கம் இருந்தாலோ, தடவும்போது பின்விளிம்பு விரலுக்குப் பிடிபடாவிட்டாலோ, கண் முன்தள்ளினாலோ ஸ்கேன் எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. மூக்கோரத்தில் மூளை உறை பிதுங்கியிருந்தாலும் கட்டிபோலவே தெரியும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.