கிளட்ச் தேய்ந்த பழைய பிக்கப்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வண்டி வாகனம் – வாசகர் கேள்வி பதில்

என்னுடையது 2010 மாடல் டீசல் பிக்கப். நெல் மூட்டையோடு வயல் பாதையிலிருந்து வெண்ணாற்றங்கரை மேல் ஏறும்போது என்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கருகல் வாசனையும் வருகிறது. கிளட்ச் செட் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா? அறுவடை முடிந்தால்தான் கையில் பணம்.
– வாசகர், நீடாமங்கலம்

மெக்கானிக் சொல்வது அநேகமாகச் சரிதான். ஆனாலும் கியர்பாக்ஸில் ஸ்பேனர் வைக்கும் முன் பெடலைப் பாருங்கள். கையால் அமுக்கினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போய், பிறகு கனம் தட்ட வேண்டும். அந்த ஃப்ரீ பிளே துளியும் இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. புது பிளேட் போட்டாலும் வழுக்கும். கேபிள் வண்டியில் அட்ஜஸ்டிங் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடு, பெடல் மேலே இருக்கும்போதும் பிஸ்டனை அழுத்திக்கொண்டிருந்தால், சூட்டில் விரியும் ஆயில் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே வைத்திருக்கும். காலையில் நன்றாக ஓடி, வண்டி சூடான பிறகு மட்டும் வழுக்குகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டுக்கும் பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அது சரியாக இருந்தால் அடுத்த சோதனை. ஆளில்லாத சமதளச் சாலையில், லோடு இல்லாமல், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்ச்சை விட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் பிளேட்டும் எரிகிறது.

இப்போது செட்டா, பிளேட்டா என்ற கேள்வி. உராய்வில் தேய்வது பிளேட். அதை என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். பிளேட் தேய்ந்தது மட்டும் என்றால், பிரஷர் பிளேட்டின் முகம் வழவழப்பாக, சமமாக, நீலம் பாயாமல் இருந்தால், உள்ளே இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால், அதையே திரும்பப் போடலாம். உங்கள் வண்டியில் கரை ஏறும்போதெல்லாம் கருகல் வந்திருக்கிறது. அந்தச் சூடு ஸ்பிரிங் பட்டையின் முறுக்கைக் குறைத்திருக்கும். அதன் மேல் புது பிளேட் போட்டால் வெறும் வண்டியில் நன்றாக இருக்கும். லோடு ஏறியதும் பழைய கதைதான். எனவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள். கூடவே கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் சீல். செட் விலையோடு பார்த்தால் இவை சில்லறைச் செலவு. இதில் ஒன்று பிறகு போனாலும் கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, இறக்குகூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. ஃப்ளைவீலை மாற்றாதீர்கள், விரிசல் இல்லையென்றால் லேத்தில் முகம் பிடித்தால் (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கினால்) போதும். கியர் ஆயில் சமீபத்தில் மாற்றியதாக, சுத்தமாக இருந்தால் சுத்தமான கேனில் இறக்கி அதையே ஊற்றலாம். பாகங்களை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்து, கூலியையும் லேத் செலவையும் தனித்தனியாகப் பேசுங்கள். வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பி.எஸ்.2, பி.எஸ்.3, பி.எஸ்.4 என்று புகை விதிக்கேற்ப என்ஜின் மாறும்போது பிளேட்டின் விட்டமும் நடுத்துளையின் ஸ்ப்ளைன் பல் எண்ணிக்கையும் மாறலாம். என்ஜின் நம்பரைக் காட்டுங்கள். முடிந்தால் பழைய பிளேட்டையே கையில் எடுத்துப் போய் விட்டத்தை அளந்து, பல்லை எண்ணி வாங்குங்கள்.

லோடு பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி சுமக்க வேண்டியது. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 30 மூட்டைக்கு 1,200 கிலோ, 50 மூட்டைக்கு 2 டன். இந்தக் கணக்கைப் பார்க்காமல் கரை ஏற்றினால் எந்தக் கம்பெனி செட்டும் தாங்காது. சரிவு தொடங்கும் முன்பே முதல் கியருக்கு வந்து, பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஏறுங்கள். பாதிச் சரிவில் நிறுத்தி ஹாஃப் கிளட்ச்சில் தொங்கவிடுவதுதான் நம் பக்கத்து வண்டிகளின் கிளட்ச்சைத் தின்கிறது.

டிராக்டர் வேலை பார்த்துப் பழக்கம். ஸ்பேனர் செட், இரண்டு ஜாக், கைக்கு உதவியாகத் தம்பி. பிக்கப் கிளட்ச்சை வீட்டிலேயே மாற்றலாமா? எந்த வரிசையில் கழற்றுவது, எங்கே தப்பு நடக்கும்?
– வாசகர், ஒரத்தநாடு

மாற்றலாம். முன்னால் என்ஜின், பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. முதலில் இடம். களிமண் தரையில் ஜாக் அமுங்கிச் சாயும். சிமெண்ட் களத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கியர் ஆயிலை இறக்குங்கள். பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஃப்ளாஞ்சில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். மாற்றிப் பூட்டினால் ஓடும்போது அதிரும். கியர் லீவர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாக எடுங்கள். கிளட்ச் பக்கம் தள்ளிக்கொடுக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருந்தால் ஹோஸைக் கழற்றவே வேண்டாம். சிலிண்டரை அப்படியே அவிழ்த்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் பிறகு யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கால் என்ஜினைத் தாங்குங்கள். மற்ற ஜாக் கியர்பாக்ஸுக்கு. பிறகு கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், கடைசியாகக் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள்.

கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுங்கள். பாதி வெளியே வந்த நிலையில் அதன் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடு ஹப் வளைவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிஷத்தில்தான். உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். காற்று அடித்து ஊதாதீர்கள். பிளேட்டில் ரிவெட் அடித்த உராய்வுப் பட்டையான பேசிங் பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள், பூட்டும்போதும் அப்படியே. இல்லையென்றால் கவர் கோணிவிடும். பழைய பிளேட்டைக் கையில் எடுத்ததும் ரிவெட் தலையைப் பாருங்கள். பேசிங் மேல்மட்டத்திலிருந்து ரிவெட் 0.3 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆயுள் முடிந்தது. ரிவெட் ஃப்ளைவீலைத் தொட்டிருந்தால் அதன் முகத்தில் வட்டமாகக் கோடு விழுந்திருக்கும். கோடு போகும் அளவுக்கு மட்டும் லேத்தில் முகம் பிடியுங்கள். பிரஷர் பிளேட் உட்காரும் இடம் படியாக இருக்கும் ஃப்ளைவீலில் இரண்டு மட்டத்திலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் அழுத்தம் மாறிவிடும்.

எண்ணெய் இருந்தால் எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள். ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஈரம் என்றால் கிராங்க் சீல். ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயைச் சுற்றி ஈரம், அதிலும் கந்தக வாடை என்றால் கியர்பாக்ஸ் சீல்.

புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் அதை முழுக்கத் துடைத்து எடுங்கள். புது பிளேட்டை முதலில் இன்புட் ஷாஃப்டில் மாட்டித் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்ப்ளைனில் ஹீட் தாங்கும் கிரீஸ் துளியூண்டு தடவி, மிச்சத்தை வழித்து எடுங்கள். அதிகம் பூசினால் சுழலும்போது தெறித்து பேசிங்கில் படும். ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவாதீர்கள். சீல் வைத்த பேரிங்கின் உள் கிரீஸ் கரைந்து சீக்கிரம் கத்தும். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு என்று அச்சிட்டிருக்கும். ஹப் துருத்திய பக்கம் பொதுவாகக் கியர்பாக்ஸைப் பார்க்கும். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது.

பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த அலைன்மெண்ட் டூல் இல்லையா? காயலாங்கடையில் அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆயுசுக்கும் ஆகும். இல்லையென்றால் லேத்தில் மரக்கட்டை ஒன்றை அளவாகக் கடைந்துகொள்ளலாம். எம்8 போல்ட் என்றால் இறுக்கம் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

கியர்பாக்ஸ் ஏற்றும்போது கடைசி இரண்டு விரல்கடை நுழையாமல் மக்கர் செய்யும். பெல் ஹவுசிங் போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்கலாம் என்ற ஆசை வரும். வேண்டாம், ஹவுசிங்கின் காது உடையும். கியரில் போட்டுப் பின் ஃப்ளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்புங்கள்; பல் பொருந்தியதும் தானாக உட்காரும். உட்காரவே இல்லையென்றால் பிளேட் நடுவில் இல்லை, மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

முதல் 500 கி.மீ. வரை லோடைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டுக்குப் புது பேசிங் ரிவெட் அடித்துத் தருகிறார்கள். பிரஷர் பிளேட்டும் காயலாங்கடையில் கால் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பிரஷர் பிளேட் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் எவ்வளவு சூடு பட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. பேசிங் அடிப்பதில் முழுத் தப்பில்லை, ஆனால் பேசிங்குக்கு அடியில் இருக்கும் அலைபோன்ற குஷன் தகடும், ஹப்பைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் பழையவைதான். கையால் ஆட்டினால் ஸ்பிரிங் கடகடவென்றால் அந்தப் பிளேட்டுக்குப் பேசிங் அடிப்பது காசுக்குக் கேடு. வீட்டோடு நிற்கும், எப்போதாவது எடுக்கும் வண்டிக்கு மட்டும் யோசிக்கலாம்.

கிளட்ச் செட் புதிது. ஆனால் வண்டி கிளம்பும்போது உடம்பெல்லாம் அதிர்கிறது. பாகம் போலியா?
– வாசகர், மயிலாடுதுறை

போலியாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா? கியர்பாக்ஸைப் பூட்டும்போது அந்த போல்ட்டை இறுக்க மறப்பதும் உண்டு. புரொப்பல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங்கும் கிராஸும் ஆடுகிறதா? இவை அடியில் படுத்துப் பார்த்தாலே தெரியும். எல்லாம் சரி என்றால் கோளாறு உள்ளே: முகம் பிடிக்காத ஃப்ளைவீல், பேசிங்கில் பட்ட கிரீஸ் கை, கசியும் சீல். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடச் சொல்வார்கள். சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே கசியும், பலன் நிற்காது.

மழை வெள்ளத்தில் நான்கு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. என்ஜின் ஓடுகிறது, பெடலும் இறங்குகிறது, ஆனால் கியர் விழவில்லை. கிளட்ச் போய்விட்டதா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

தேய்ந்து போகவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ளைவீலில் பிடித்த துரு பிளேட்டைப் பற்றிக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. முன்னால் நூறு மீட்டராவது வெட்டவெளி வேண்டும். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்தபடியே ஸ்டார்ட்டரை அடியுங்கள். வண்டி குலுங்கி ஓடத் தொடங்கும். பெடலை விடாமல் ஆக்ஸிலேட்டரைக் கொடுப்பதும் எடுப்பதும், நடுவில் பிரேக்கை லேசாகத் தொடுவதுமாக ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். யாரும் வண்டிக்கு முன்னே நிற்கக் கூடாது. விடாவிட்டால் ஸ்டார்ட்டரை எரித்துக்கொண்டு நிற்காமல் கியர்பாக்ஸை இறக்குங்கள்.

விட்டுக்கொண்டாலும் வேலை முடியவில்லை. கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இரண்டின் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு வடிகால் துளை சேற்றால் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள்.

உப்பு லோடு ஓட்டும் வண்டி. நியூட்ரலில் நிற்கும்போது கரகர சத்தம், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ரிலீஸ் பேரிங்தானே?
– வாசகர், வேதாரண்யம்

இல்லை. மிதிக்கும்போது வருவதுதான் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் குறையவில்லை என்றால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். அப்படி இறக்கும் நாளில் கிளட்ச் பிளேட்டையும் அளந்துவிடுங்கள்.

பெடல் தொப்பென்று கீழே விழுகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிறது. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், பாபநாசம்

ஊற்றவே கூடாது. ரப்பர் வாஷர்கள் ஊதி, மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் சேர்ந்து கெடும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் ரப்பர் வாஷர் கிட்டை மாற்றி, ஏர் எடுங்கள் (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள்). சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் கிட் நிற்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள்.