ப்ரூஜில் ஓர் இரவாவது தங்குங்கள்

பெல்ஜியத்தின் பழைய கால்வாய் நகரமான ப்ரூஜுக்குக் குடும்பத்தோடு போகவிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ப்ரஸ்ஸல்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

தாராளமாக. ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் ஊர்ப்பட்ட கூட்டமும் அப்படித்தான் வருகிறது. நண்பகலில் மார்க்ட் சதுக்கத்தில் நின்றால் அங்குள்ள மணிக்கோபுரத்துக்கு முன் வழிகாட்டிகள் தூக்கிப் பிடித்த குடைகள்தான் கண்ணில் படும். சாயங்காலம் அத்தனை பேரும் ரயிலேறிய பிறகு கால்வாயோரம் நடந்து பாருங்கள். படிப்படியாக ஏறும் செங்கல் முகப்புகள் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். கால் மணிக்கொரு முறை கோபுரத்து மணிகள் ஒலிப்பது கேட்கும். ஓர் இரவாவது தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரயில் நிலையப் பலகையில் 'ப்ரூகே' என்று டச்சுப் பெயர்தான் இருக்கும். இறங்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஏழு வயது. கோபுரத்தில் ஏறலாமா?

பையன் ஏறட்டும், அம்மா வேண்டாம். கோபுரத்தின் உயரம் 83 மீட்டர், படிகள் 366, லிஃப்ட் கிடையாது. மேலே போகப் போகச் சுழல்படி குறுகிக்கொண்டே வரும். எதிரே ஒருவர் இறங்கினால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

அம்மாவுக்குப் படகு சரியாக இருக்கும். அரை மணி நேரச் சவாரி. குளிர்காலத்தில் பொதுவாக ஓடாது. பாலங்கள் தாழ்வானவை, தலை பத்திரம். அவற்றில் பொனிஃபாசியஸ் பாலத்தைப் பார்த்துப் பலர் எழுநூறு வருடப் பழமை என்று உருகுகிறார்கள். அது 1910 வாக்கில் கட்டியது!

நாங்கள் சுத்த சைவம். உருளைக்கிழங்கு வறுவலை நம்பிச் சாப்பிடலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். பெல்ஜியத்தில் அதை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு.

தேவாலயம், சிலை என்றாலே குழந்தைகள் சலித்துக்கொள்கிறார்களே?

ஒரே ஒரு சிலைக்கு அழைத்துப் போங்கள். அன்னை மரியாள் தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்குத் தாயும் சேயும். மற்ற இடங்களில் போல இந்தக் குழந்தை மடியில் இல்லை. தாயின் முழங்கால்களுக்கு நடுவே, ஒரு கையால் அவள் கையைப் பற்றிக்கொண்டு, இதோ இறங்கி ஓடிவிடுவேன் என்பதுபோல் நிற்கிறது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் இதை மெத்தையில் சுருட்டி, செஞ்சிலுவைச் சங்க லாரியில் கடத்திப் போனார்கள். மறு வருடம் ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. திருட்டுக் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், சலிப்பு வராது.

கைக்குழந்தையின் தள்ளுவண்டி?

தெருவெல்லாம் கருங்கல் பாவியது. தூளி போலக் கட்டிக்கொள்வது மேல்.

கால்வாயில் இவ்வளவு அன்னங்கள் எப்படி வந்தன என்று மகள் கேட்கிறாள்.

1488இல் ஊர்மக்கள் மாக்ஸிமிலியன் என்ற ஆட்சியாளரைச் சிறைவைத்து, அவருடைய அதிகாரி லாங்ஹால்ஸின் தலையை வெட்டினார்கள். அந்தப் பெயருக்கு 'நீண்ட கழுத்து' என்று பொருள். விடுதலையான மாக்ஸிமிலியன், நீண்ட கழுத்துப் பறவைகளை என்றென்றும் வளர்க்கும்படி ஊருக்குத் தண்டனை விதித்தார் என்பது செவிவழிக் கதை. மகளிடம் சொல்லும்போது தலை வெட்டிய பகுதியைக் கொஞ்சம் மழுப்பிவிடுங்கள்.