அம்மணி நூலகத் துறை படிக்கட்டுங்க

வணக்கமுங்க. காங்கேயத்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் மகள் பி.எட். வேண்டாம் என்கிறாள். கல்லூரி நூலகராக வேண்டும், கூடவே நம் ஊர்ப்பக்கத்து வரலாற்றை எழுத வேண்டும் என்கிறாள். தேங்காய்க் களத்தில் வெயில் பார்க்காமல் நின்று படிக்க வைத்தவருக்குப் பயம் வரத்தான் செய்யும். "புத்தகம் எடுத்துக் கொடுக்கற வேலைக்கு எதுக்குங்க இத்தனை படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் வேறு கேட்கிறார்களாம்.

முதலில் சம்பளத்தைப் பேசிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி கல்லூரி நூலகரும் உதவிப் பேராசிரியரும் ஒரே நிலையில்தான் வேலையில் சேர்கிறார்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதற்கு நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம், 55 சதவீத மதிப்பெண், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். எந்தப் பட்டம் முடித்தவரும் முதுகலையில் சேரலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் துறை இருக்கிறது, வெகுதூரம் அனுப்ப வேண்டியதில்லை.

இந்தச் சம்பளம் அரசுக் கல்லூரிக்கும் உதவிபெறும் கல்லூரிக்கும்தான். நம் பக்கம் நிறைந்திருக்கும் சுயநிதிக் கல்லூரிகளில் இதைவிட நன்றாகவே குறையும். அதோடு ஒரு கல்லூரிக்கு நூலகர் ஒருவர்தான், இடம் காலியாகக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் முதுகலை படிக்கும்போதே நெட் எழுதச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது நூலகர் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கோஹா போன்ற மென்பொருளில் அட்டவணை, மின்னிதழ்ச் சந்தா, ஆய்வேட்டில் காப்பி இருக்கிறதா என்று பார்ப்பது, கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வந்தால் கணக்குக் காட்டுவது என்று நாள் ஓடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948-இல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூர்க்காரரான அவினாசிலிங்கம் செட்டியார். வீட்டு வரியோடு நீங்கள் கட்டுகிற நூலக வரி அந்தச் சட்டத்தில் வந்ததுதான். இந்த வேலைக்கு மரியாதை தேடித் தந்தவர்களில் நம் பக்கத்து ஆளும் உண்டு என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

சரி, வரலாறு. உங்கள் மகள் சொல்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல், நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டி மணியானது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற ஊர் அது. அங்கே தோண்டியபோது தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அறச்சலூர் மலையில் இசை எழுத்துகளையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வெளியே தெரிந்துவிட்டன. தெரியாதவை வீடுகளில் கிடக்கின்றன: காணி உரிமையைச் சொல்லும் காணியாளர் பட்டயம், ஓலைச்சுவடி, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், களத்துக் கணக்கு நோட்டு. பழைய வீட்டை இடிக்கும்போது இவை குப்பையோடு போய்விடுகின்றன. ஒரு கல்லூரி நூலகர் கேட்டால் நம்பிக் கொடுப்பார்கள். வாங்கி, நகலெடுத்து, எண் போட்டு, திருப்பிக் கொடுக்கிற முறை நூலகப் படிப்பிலேயே வந்துவிடும். வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தை மட்டும் அவள் தனியாகக் கற்க வேண்டும், கொங்குக் கல்வெட்டுகளில் அது நிறைய வரும்.

ஆனால் வரலாறு சோறு போடாது, அதை மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கொங்கு வரலாற்றுக்காக உழைத்த கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் தொழிலால் வழக்கறிஞர். உங்கள் மகளுக்கு நூலகர் வேலை அப்படி இருக்கட்டும். நான் அறிந்த ஒரு கல்லூரி நூலகர் வாரம் ஆறு நாள் வேலை முடித்து, ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நடுகல், அதாவது இறந்த வீரருக்கு நட்ட கல், தேடிப் போவார். ஒரு கிராமத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுத அவருக்குப் பல வருடம் ஆனது. அந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வரும் சனிக்கிழமை அம்மணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய பத்திரம் ஒன்று இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். அவள் அதைப் படித்து எனக்கு விளக்கட்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.