பன்றித் தலையின் முன்னால் எத்தனை முறை விழுந்து கும்பிடுவது?

கேள்வி: கொரியாவில் சுவோன் நகரில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை பார்த்த கொரியர் சொந்தமாகக் கடை திறக்கிறார். 'கோசா' என்ற பூஜைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பன்றித் தலை வைப்பார்களாம். நான் சைவம். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். அந்தத் தலை சாமி இல்லை, படையல். கொரிய வீட்டுத் தெய்வங்களுக்குப் பெரும்பாலும் சிலையே கிடையாது. வீட்டைக் காக்கும் சொங்ஜு உத்தரத்தில் இருக்கிறார். அடுப்படியின் ஜோவாங்குக்கு அந்தக் காலத்தில் விடியற்காலையில் கிணற்றிலிருந்து முதலில் எடுத்த தண்ணீர் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். வீடு நிற்கும் நிலத்தின் தெய்வம் தொஜு, கொல்லையில் வைக்கோல் குல்லாய் போட்ட தானியப் பானையாக இருப்பார். கழிவறைக்கும் ஒரு பெண் தெய்வம் உண்டு. நீளக் கூந்தலை எண்ணிக்கொண்டே இருப்பாளாம். திடுக்கிட்டால் கோபம் வருமாம். அதனால் அந்தக் காலத்தில் உள்ளே போகுமுன் இருமிவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம்தான்!

கோசாவுக்குப் பூசாரி வேண்டியதில்லை, கடைக்காரரே செய்வார். மேசையில் சிவப்புப் பயறு தூவி வேகவைத்த அரிசி மாவுக் கேக், உலர்ந்த மீன், மக்கொல்லி என்ற அரிசிக் கள். பன்றிக்குரிய சீன எழுத்தைக் கொரியர்கள் 'தோன்' என்று படிக்கிறார்கள்; பணத்துக்கும் அதே சொல். அதனால்தான் பன்றித் தலையின் வாயில் நோட்டைச் செருகுகிறார்கள். சிரித்த முகமுள்ள தலையாகப் பார்த்து வாங்குவதும் உண்டு.

உங்கள் முறை வரும்போது 10,000 வோன் நோட்டு ஒன்றைச் சுருட்டி வாயிலோ காதிலோ வையுங்கள். தொடக் கூசினால் வெள்ளை உறையில் போட்டு மேசையில் வைத்துவிடலாம். எத்தனை முறை கும்பிடுவது என்பது இடத்துக்கு இடம் மாறும்; உங்களுக்கு முன்னால் போகிறவர் செய்வதையே செய்யுங்கள். விழுந்து கும்பிட மனமில்லையா? கொரியக் கிறிஸ்தவர்கள் பலரும் கும்பிடுவதில்லை. ஓரமாக நில்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் கள்ளை வாசலிலும் மூலைகளிலும் கொஞ்சம் தெளிப்பார்கள். உலர்ந்த மீனை வெள்ளை நூல் சுற்றி நிலைப்படிக்கு மேலே கட்டுவதும் வழக்கம். கண் மூடாத மீன் கடையைக் காவல் காக்கும் என்று நம்பிக்கை. பிறகு தலைக்கறியை அரிந்து தருவார்கள். "கோகி மோன் மொகொயோ", அதாவது கறி சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் அந்தக் கேக்கை மட்டும் மறுக்காதீர்கள். அரிசியும் பயறும்தான், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், ஆறினால் கல்.